நாகேஷ் படங்கள்: எதில் தொடங்கலாம், எதை விட்டுவிடக் கூடாது

நாகேஷ் நடித்த படங்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவை எவை, அவரைத் துண்டுக் காட்சிகளில் மட்டும் பார்த்திருக்கும் ஒருவர் முழுப் படமாக எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘எதிர் நீச்சல்’ படத்தில் தொடங்குங்கள். அடுத்து ‘மேஜர் சந்திரகாந்த்’. அப்புறம்தான் ‘திருவிளையாடல்’. அதில் அவர் நடித்த ஏழைப் புலவன் தருமியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், வசனம்கூட மனப்பாடமாக இருக்கும். அதனால்தான் அதை மூன்றாவதாக வைக்கிறேன். நாகேஷ் என்றதும் நமக்கு வசனம்தான் ஞாபகம் வருகிறது. அந்த வேகம், அந்தக் குரல், மூச்சு விடாமல் பேசிவிட்டு சட்டென்று நிறுத்துகிற விதம். ஆனால் எதிராளி பேசும்போது அவர் வாயை மூடிக்கொண்டு என்ன செய்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தால், பார்த்துப் பழகிய படங்களே புதுப் படங்களாக ஆகிவிடும். எனக்குப் பிடித்த நாகேஷ் படங்கள் எல்லாமே அப்படிக் கவனிக்க இடம் கொடுக்கும் படங்கள்.

‘எதிர் நீச்சல்’ 1968-ல் வந்தது. கே. பாலசந்தர் மேடையில் போட்ட நாடகம்தான் படமானது. ஒரு பெரிய வீடு, அதில் பல குடித்தனங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டு, கல்லூரியில் படிக்கும் அநாதைப் பையன் மாது. ‘மாடிப்படி மாது’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். இந்த வேடத்தை வேறு யாராவது செய்திருந்தால் இரண்டு வழிகளில் ஒன்றில் போயிருப்பார்கள்: ஒன்று, முதல் காட்சியிலிருந்தே கண்ணீர், இல்லையென்றால் முழுக்க முழுக்கக் கூத்து. நாகேஷ் மாதுவை ஒரு பழக்கமாக நடித்தார். யார் கூப்பிட்டாலும் ஓடிப் பழகிய உடம்பு அது. ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாசலைப் பார்த்துத் திரும்பத் தயாராக இருக்கிறது. தன்னைத் திட்டுகிறவர் முன்னால் நிற்கும்போதும் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிரிப்பு சந்தோஷத்தால் வந்தது இல்லை, அடுத்த வேளைச் சோறு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்ததால் வந்தது. இதை எந்த வசனமும் நமக்குச் சொல்வதில்லை.

அந்தப் படத்தில் இருமல் தாத்தா என்று ஒருவர் வருவார். வருவார் என்று சொல்வதே தப்பு. அவரைக் காட்டவே மாட்டார்கள். இருமல் சத்தம்தான் பாத்திரம். அந்தச் சத்தத்தை ஒரு மனிதராக நாம் நம்புவதற்குக் காரணம் நாகேஷின் காதும் கண்ணும். சத்தம் வந்ததும் அவர் தலையை எந்தப் பக்கம் திருப்புகிறார், எவ்வளவு நேரம் கேட்கிறார், எப்போது முகம் மாறுகிறது என்று பாருங்கள். இல்லாத ஒருவரை எதிரில் வைத்து நடிப்பது என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள விரும்பும் யாருக்கும் நான் இதைத்தான் காட்டுவேன். ‘அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா’ பாட்டும் இந்தப் படம்தான். அது சௌகார் ஜானகியும் ஸ்ரீகாந்தும் கலக்கிய பாட்டு. அதை எழுதிய வாலி, ஸ்ரீகாந்த், நாகேஷ் மூன்று பேரும் வாய்ப்புத் தேடிய காலத்தில் சென்னையில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். படத்துக்கு இசை வி. குமார். தலைப்புப் பாட்டை சீர்காழி கோவிந்தராஜன் பாடியிருக்கிறார்.

‘மேஜர் சந்திரகாந்த்’ (1966) ஏன் இரண்டாவது என்றால், இதில் நாகேஷுக்கு ஒரு விசேஷமான சூழ்நிலை கிடைத்திருக்கிறது. அவர் தையல்காரர் மோகன். தங்கையாக ஜெயலலிதா. ‘கல்யாண சாப்பாடு போடவா’ என்று தங்கைக்குக் கல்யாணக் கனவு கண்டு பாடுகிற அண்ணன். தங்கையை ஒருவன் ஏமாற்றுகிறான், அவள் உயிரை விட்டுவிடுகிறாள். அண்ணன் அவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்து ஒரு வீட்டில் அடைக்கலம் புகுகிறான். அது பார்வை இழந்த ஒரு மேஜரின் வீடு. மேஜராக சுந்தரராஜன். இந்தப் படத்துக்குப் பிறகுதான் அவர் பெயரோடு மேஜர் ஒட்டிக்கொண்டது. கொலையானவன் அந்த மேஜரின் மகன் என்பது கதையின் முடிச்சு.

இப்போது யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்குக் கண் தெரியாது. அவருக்கு நாகேஷின் குரல் மட்டும்தான் கிடைக்கிறது. முகம் முழுக்க நமக்கு. அதனால் நாகேஷ் இங்கே இரண்டு வேலை செய்கிறார்: குரலில் ஒரு மனிதனாகவும் முகத்தில் இன்னொரு மனிதனாகவும் இருக்கிறார். அவர் பயப்படுவதை, குற்ற உணர்வில் குறுகுவதை, ‘சொல்லிவிடலாமா’ என்று தவிப்பதை மேஜர் பார்க்க முடியாது, நாம் மட்டும் பார்க்கிறோம். நகைச்சுவை நடிகர் என்று முத்திரை குத்தி வைத்திருந்த ஒருவரை நம்பி பாலசந்தர் இப்படி ஒரு வேடத்தை எழுதினார் என்பதே பெரிய விஷயம். அந்த நம்பிக்கை மேடையிலேயே ஆரம்பித்தது. பாலசந்தர் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர், நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே நடித்தவர். ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடி வந்த தலைமுறை அது.

நாகேஷ் தாராபுரத்துக்காரர். வீட்டில் பேசியது கன்னடம். முகத்தில் அம்மைத் தழும்பு, ஒல்லி உடம்பு. கதாநாயகனுக்கு என்று சினிமா வைத்திருந்த இலக்கணத்தில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரராகச் சின்ன வேடம் ஒன்று கிடைக்க, வலியில் துடிக்கிற அந்த ஒரு காட்சியிலேயே அரங்கத்தை அதிர வைத்து, பார்க்க வந்திருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டையும் வாங்கிய கதை பலமுறை சொல்லப்பட்டது. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் முதன்முதலில் பேர் வாங்கியது உடம்பால் என்பது. வயிற்று வலிக்கு வசனம் எதற்கு?

சரி, தருமி. 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’. ஏ.பி. நாகராஜன் இயக்கம், நக்கீரரும் அவரே. செண்பகப் பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா? தீர்த்து வைக்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன். ஏழைப் புலவன் கோயிலில் நின்று புலம்ப, சிவன் புலவராக வந்து பாட்டைக் கொடுக்கிறார். ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு குறுந்தொகையின் இரண்டாவது பாட்டு, இறையனார் பெயரில் இருப்பது.

இந்தக் காட்சியை மறுபடி பார்க்கும்போது கேள்வி-பதில் பகுதியில் சிவனாக வரும் சிவாஜியைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், அந்தக் கம்பீரம் கண்ணை இழுக்கும். இருந்தாலும் ஒரு தடவை நாகேஷை மட்டும் பாருங்கள். கேள்வி கேட்பவர் அவர், சோதிப்பவர் அவர். ஆனால் ஒவ்வொரு பதில் வந்து விழும்போதும் அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கேட்க ஆரம்பித்தபோது இருந்த மிடுக்கு, முடிக்கும்போது இல்லை. எதிரில் நிற்பவர் சாதாரண ஆள் இல்லை என்பதை நமக்குச் சொல்வது சிவாஜியின் நிமிர்வு மட்டுமில்லை, நாகேஷின் கூனலும்தான். ஒரு நடிகரின் கம்பீரத்தை இன்னொரு நடிகர் தன் முதுகால் தூக்கிக் கொடுக்கிறார். அவையில் நக்கீரர் பாட்டில் பிழை இருக்கிறது என்றதும், பிழைக்குத் தகுந்தபடி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிற இடம் இருக்கிறதே, நாம் எல்லோரும் சிரிக்கிற இடம். அங்கே அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. பசி மட்டும் இருக்கும். அந்தப் பசி நிஜமாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. படத்தில் நாகேஷின் பகுதி தன்னை மிஞ்சிவிடும் என்று தெரிந்தும் அதை வெட்டக் கூடாது என்று சிவாஜி சொன்னதாகச் சினிமாக்காரர்கள் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறோம். பெரிய நடிகருக்குத்தான் இன்னொரு பெரிய நடிகரின் அருமை தெரியும்.

இதே ஏ.பி. நாகராஜன் மூன்று வருஷம் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்தபோது நாகேஷுக்கு வைத்தி வேடத்தைக் கொடுத்தார். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையிலிருந்து வந்த பாத்திரம். தருமியையும் வைத்தியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அதே ஒல்லி உடம்பு எப்படி வேறு ஆளாகிறது என்று தெரியும். தருமியின் குனிவில் இயலாமை இருக்கிறது, வைத்தியின் குனிவில் கணக்கு இருக்கிறது. பணக்காரர்களுக்கு நாட்டியக்காரி மோகனாவைக் காட்டிக் கொடுத்துக் காசு பார்க்க நினைக்கும் தரகன் அவன். எவ்வளவு கேவலமான ஆள்! ஆனால் அவன் திரைக்கு வந்ததும் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். எனக்குத் தெரிந்து தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த வில்லன்களில் வைத்தி ஒருவன். சிரிக்க வைக்கிறான் என்பதால் அவனை வில்லன் கணக்கில் சேர்க்க நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) பற்றிச் சொல்லாவிட்டால் யாரும் என்னை விடமாட்டார்கள். ஸ்ரீதரின் வண்ணப் படம். சினிமா எடுத்தே தீருவேன் என்று ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ நடத்தும் செல்லப்பா, பணம் கேட்டு அப்பா டி.எஸ். பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி. இங்கே நான் மேலே சொன்னது அப்படியே தலைகீழ். பேசுவது நாகேஷ், கேட்பது பாலையா. கேட்பவரின் முகம்தான் காட்சியே. பாலையாவின் கண்ணும் வாயும் பயத்தில் படும் பாட்டை எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது. நாகேஷ் வாயால் காற்று அடிக்கிறார், சத்தம் எழுப்புகிறார், அப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஆனால் பாலையாவின் முகத்தை மறைக்கிற மாதிரி ஒரு முறைகூட எதுவும் செய்வதில்லை. எதிராளிக்கு இடம் விடுவது எப்படி என்று தெரிந்தவருக்குத்தான், தனக்குக் கிடைத்த இடத்தை எப்படி நிரப்புவது என்றும் தெரியும். பொழுதுபோக்காக ஒரு படம் வேண்டும், மனசு கனக்கக் கூடாது என்றால் இதிலேயே தொடங்குங்கள், தப்பில்லை.

அதே வருஷம்தான் ‘சர்வர் சுந்தரம்’. பாலசந்தர் எழுத்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. ஹோட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகிறான், ஆனால் விரும்பிய பெண் நண்பனைத்தான் விரும்புகிறாள். நாகேஷின் சிறந்த படம் என்று பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்வார்கள். நான் கொஞ்சம் தயங்குவேன். பின்பாதியில் சோகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்துகிறார்கள், அம்மாவின் மரணத்தில் நாகேஷை நம்பாமல் இசையை நம்பிவிட்டார்களோ என்று தோன்றும். ஆனால் முன்பாதியில் அவர் சர்வராக நடக்கும் நடை! மேஜைகளுக்கு நடுவில் கையில் பாத்திரத்தோடு திரும்புகிற லாகவம். அப்புறம் ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ பாட்டு. எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையிலேயே தோன்றுவார்கள், படப்பிடிப்புத் தளத்தில் நாகேஷ் ஆடுவார். எலும்பே இல்லாதவர் மாதிரி ஆடுகிற அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பலர் அவரை ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸோடு ஒப்பிட்டார்கள். எனக்கு அந்த ஒப்பீடு ஒப்பவில்லை. நாகேஷின் அசைவுகளில் இருப்பது சென்னை சபா மேடையின் நேரக் கணக்கு. பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தோள் அசைவு தெரிய வேண்டும் என்று பழகிய உடம்பு அது.

‘நீர்க்குமிழி’ (1965) பாலசந்தர் இயக்கிய முதல் படம். கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். சாவை உடம்புக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியையே சிரிக்க வைக்கும் சேதுவாக நாகேஷ். சுரதா எழுதி சீர்காழி பாடிய ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ இந்தப் படத்தில்தான். இன்றைக்குப் பார்த்தால் மேடை நாடக வாடை நிறைய அடிக்கும். பொறுத்துக்கொண்டு பாருங்கள்.

‘பாமா விஜயம்’, ‘அனுபவி ராஜா அனுபவி’ இரண்டும் 1967. முதலாவதில் அவர் மூன்று சகோதரர்களில் ஒருவர், கூட்டத்தில் ஒருவராக அடங்கி நடித்திருப்பார். இரண்டாவதில் இரட்டை வேடம், ‘மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்’ பாட்டு, மனோரமாவோடு ‘முத்துக்குளிக்க வாரீகளா’. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க இரண்டுமே பொருத்தம்.

எழுபதுகளில் வாய்ப்புகள் குறைந்தன. அந்த இடைவெளியில் வந்த ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் டாக்டராக, குடிகாரராக அவருக்குச் சில காட்சிகள்தான். அதில் ஒன்றில், கையில் கோப்பையோடு சுவரில் விழும் தன் நிழலுக்கே ‘சியர்ஸ்’ சொல்வார். மறுபடியும் பாருங்கள், எதிரில் ஆளே இல்லை. இருமல் தாத்தாவுக்குச் சத்தமாவது இருந்தது. இங்கே நிழல் மட்டும்தான்.

பிறகு கமல் ஹாசன் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தார். நாகேஷ் ரசிகர்கள் எல்லோரும் இதற்காகக் கமலுக்கு நன்றி சொல்ல வேண்டும். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) தர்மராஜ் வேடத்தில் ஒரு துளி நகைச்சுவை கிடையாது. நாலு வில்லன்களில் என்னை அதிகம் பயமுறுத்துவது இவர்தான். அடுத்த வருஷமே ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் முதலாளி பணத்தைச் சுருட்டிய அவிநாசி. அவிநாசிக்குப் பயமே முழுநேர வேலை. யார் கண்டுபிடிப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாக அவர் பார்வை தாவுவதை மட்டும் தொடர்ந்து பார்த்தாலே கதையின் பாதிக் குழப்பம் புரிந்துவிடும்.

1994-ல் இரண்டு படங்கள். முடிந்தால் அடுத்தடுத்துப் பாருங்கள். ‘மகளிர் மட்டும்’ படத்தில் நாகேஷ் பிணமாக வருகிறார். மேலதிகாரியை விஷம் வைத்துக் கொன்றுவிட்டோம் என்று பயந்து, வேறொரு பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள் ரேவதியும் ரோகிணியும் ஊர்வசியும். ஒரு நடிகரிடமிருந்து வசனத்தை எடுத்துவிட்டார்கள், கண்ணை எடுத்துவிட்டார்கள், முகபாவத்தையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது எடை மட்டும். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கை எப்படி விழுகிறது, தூக்குகிறவர்களுக்கு எந்த இடத்தில் கனக்கிறது. இதை வைத்துக்கொண்டு அரங்கத்தை அதிர வைத்தார். உயிருள்ள உடம்பு தன்னையறியாமல் விறைக்கும், பிடி தளர்ந்தால் தானே தாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு இடத்திலும் அவர் உடம்பு தன்னைத் தாங்கிக்கொள்வது தெரியாது.

இன்னொன்று ‘நம்மவர்’, கே.எஸ். சேதுமாதவன் இயக்கியது. இதில் அவர் கல்லூரிப் பேராசிரியர். மகள் தற்கொலை செய்துகொள்கிறாள். பிணத்தின் முன் நிற்கும் அப்பாவாக நாகேஷ். கதறி அழுதிருந்தால் நாமும் கூட அழுதுவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். அவர் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொள்கிறார். என்ன நடந்தது என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது, உடம்புக்கு இன்னும் தெரியவில்லை என்கிற மாதிரி. வாழ்நாள் முழுவதும் நம்மைச் சிரிக்க வைத்த அதே முகம், அதே தசைகள் இப்போது வேறு எதற்கோ உதவுகின்றன. இந்த வேடத்துக்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. மற்றபடி இவ்வளவு பெரிய நடிகருக்கு ஒரு பத்ம விருது இல்லை என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஆறாத வருத்தம்.

கடைசிப் படம் ‘தசாவதாரம்’ (2008). சின்ன வேடம்தான், இஸ்லாமியக் குடும்பத்துப் பெரியவர். அவருக்கு மனைவியாக வருபவர் கே.ஆர். விஜயா, ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் சுந்தரத்துக்குக் கிடைக்காமல் போன அதே ராதா. 2009 ஜனவரி 31 அன்று நாகேஷ் காலமானார்.

நீங்கள் எதையுமே பார்த்ததில்லை, ஒரு வாரக் கடைசிதான் நேரம் இருக்கிறது என்றால்: சனிக்கிழமை ‘காதலிக்க நேரமில்லை’, ‘எதிர் நீச்சல்’. ஞாயிறு ‘தில்லானா மோகனாம்பாள்’, ராத்திரி ‘நம்மவர்’. ‘நம்மவர்’ படத்தை மட்டும் முதலில் பார்க்காதீர்கள். செல்லப்பாவையும் மாதுவையும் வைத்தியையும் தெரிந்துகொண்ட பிறகு அந்த அப்பாவிடம் போனால்தான், அவர் என்ன செய்துவிட்டார் என்று முழுதாக உறைக்கும்.